மஞ்சள் துணி கட்டிய கிளை

என் நாத்தனாரைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நாலுமே தப்பு. மரவாடிக்காரர் மகனின் காலை ஒடித்தவள் என்கிறார்கள். அரசாங்க நிலத்தில் சொந்தமாகப் பாதை போட்டுக்கொண்டவள் என்கிறார்கள். அடங்காதவள், வயதுக்கேற்ற புத்தி இல்லாதவள் என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள்தான். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு அவர்களுக்கு அளவு எடுக்கும்போது நான் எவ்வளவு பொறுமையாக இருக்கிறேன் என்பது எனக்கும் அந்தக் குண்டூசிகளுக்கும்தான் தெரியும்.

அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவள் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கால்வாய்த் துறையில் கரை பார்க்கும் வேலை. எங்கள் ஊருக்கு மேற்கே பெரிய கால்வாய் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. அதிலிருந்து சின்னக் கால்வாய்கள் பிரிகிற இடங்களில் மதகுகள் இருக்கின்றன. கரையில் எலி வளை இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். மதகில் இருக்கும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரை விடவோ நிறுத்தவோ வேண்டும். அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். மெல்லிய பட்டுத் துணியை அவள் தொட வந்தால் நான் கையைத் தட்டிவிடுவேன், நூல் பிரிந்துவிடும் என்று.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் கரை வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டுவிட்டாள். என் கணவர் கொஞ்ச நாள் குதித்தார், பிறகு அடங்கிப்போனார்.

துறையில் அவளுக்குக் கொடுத்தது ஒரு சாதாரண சைக்கிள். இரண்டாவது மதகிலிருந்து மூன்றாவது மதகுக்குக் கரை வழியாகப் போனால் பெரிய வளைவு. காட்டுக்குள் குறுக்கே போனால் பாதித் தூரம்தான். ஆனால் நடுவில் மண்மேடுகள். கால்வாய் வெட்டிய காலத்தில் அள்ளிக் கொட்டிய மண் அப்படியே கிடந்து, அதன் மேல் மரம் முளைத்து, காடு அதையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மேடும் பள்ளமுமாக, வேர்களும் கற்களுமாக இருக்கும். யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இவள் இறங்கவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஏறினாள். நான் ரத்தம் துடைத்து மருந்து போட்டுவிட்டுத் திட்டினேன்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? தள்ளிக்கிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?"

"அண்ணி, மேட்டு உச்சியில ஒரு நிமிஷம் சைக்கிள் நிக்கும் பாருங்க. ஏறி முடிச்சாச்சு, இன்னும் இறங்கலை. அதுக்காகத்தான்."

முட்டியில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு எங்கிருந்தோ பழையதாக ஒரு சைக்கிள் வாங்கி வந்தாள். டயர் என் கை தடிமன். முன்பக்கம் ஸ்பிரிங். மலைச் சைக்கிளாம். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் ஓட்டுகிற ஒரே குடும்பம் எங்களுடையதுதான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவளுக்காகச் சைக்கிள் ஓட்டும் கால்சட்டையும் நானே தைத்தேன். உட்காரும் இடத்தில் ஸ்பாஞ்ச் வைக்க வேண்டும். முதல் தடவை தாராளமாக வைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவள் பின்னால் திரும்பிப் பார்த்து, "அண்ணி, இது கால்சட்டையா, தலையணை உறையா?" என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அவளுக்கு உட்காரவே முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் வழியைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். முதலில் டயர்க்கடைக்காரர், என் கணவரின் கூட்டாளி. அப்புறம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு செவிலி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இப்படி நாலைந்து பேர். எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் முட்டியில் கட்டோடு இருப்பதால் நான் அவர்களுக்கு முட்டிப் பட்டாளம் என்று பேர் வைத்தேன். விடுமுறை நாளில் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு போய்ப் பாதையைச் சரி செய்வார்கள். அவர்கள் பாஷையில் அது டிரெயில். என் பாஷையில் முழங்காலைப் பெயர்க்கிற வழி.

அந்தப் பாதையில் ஓர் இடம் மோசம். கடைசி மேட்டிலிருந்து இறங்கி வளைந்ததும் பாதை கால்வாய்க் கரையின் விளிம்பிலேயே ஓடும். நல்ல வெயிலில் ஒன்றும் ஆகாது. மழை பெய்தால் கரை விளிம்பு இளகிவிடும். பார்வைக்குத் திடமாக இருக்கும், கால் வைத்தால் மண் அப்படியே பெயர்ந்து கீழே போகும். அதற்காக அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். மழை பெய்தால் காலையில் முதல் வேலையாகப் போய், பாதை தொடங்குகிற இடத்தில் குறுக்கே ஒரு கிளையை வெட்டிப் போடுவாள். கிளையின் அடிப்பக்கம் கால்வாயை ஒட்டி இருந்தால் கரை இளகிக் கிடக்கிறது, உள்ளே போகாதே என்று அர்த்தம். அடிப்பக்கம் காட்டுப் பக்கமாக இருந்தால் உள்ளே ஆள் மண்வெட்டியோடு வேலை செய்கிறது, மெல்ல வா என்று அர்த்தம். தானாக விழுந்த கிளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அதில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிடுவாள்.

அந்தத் துணி என் துணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டை தைத்ததில் மிஞ்சியது. பட்டை பட்டையாக ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பேன், ஓரம் பிசிறாமல் இருக்க. அந்தப் பல் பல்லான ஓரத்தைப் பார்த்தாலே என் கத்தரி என்று தெரியும்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் அந்தக் கிளைக்குக் கட்டுப்பட்டார்கள். வெளியூரிலிருந்து காரின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட மஞ்சள் துணியைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள். மரவாடிக்காரர் மகன் மட்டும் திரும்பவில்லை.

அன்றைக்கு முந்தின நாள் நல்ல மழை. இவள் விடியற்காலையில் போய்க் கிளையைப் போட்டுவிட்டு முதல் மதகுக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளை புதுச் சைக்கிளோடு வந்தான். பிள்ளை என்கிறேனே தவிர, மீசை வைத்த ஆள்தான். கிளையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போனான். வளைவில் கரை பெயர்ந்தது. சைக்கிளும் அவனுமாகக் கால்வாய்க்குள் விழுந்து, மதகுச் சுவரின் கல்லில் மோதி, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கத்தல் கேட்டு முதலில் போனவர் டயர்க்கடைக்காரர். பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர். கால்வாயில் இறங்கி அவனைத் தூக்கிக் கரையேற்றியதும் அவர்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அவர் இன்னொரு காரியமும் செய்தார். ஓரமாகக் கிடந்த கிளையிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவரே என் கணவரிடம் சொன்னார். நான் அதே அறையில் தையல் மெஷினில் இருந்தேன். மெஷின் ஓடும்போது எனக்குக் காது கேட்காது என்று இந்த வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷம் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன். அதன் சத்தத்தைத் தள்ளிவிட்டு மற்றதை எல்லாம் கேட்க எனக்குத் தெரியும்.

"துணி இருந்தா மாட்டிக்குவா. பாதையை அவதான் பராமரிக்கிறான்னு ஆயிடும். அந்த ஓரத்தைப் பார்த்தா உங்க வீட்டுக் கத்தரின்னு யாருக்கும் தெரியுமே. அதான் எடுத்துட்டேன். இப்ப அது வெறும் கிளை. காத்துல விழுந்ததுன்னு சொல்லிக்கலாம்" என்றார் டயர்க்கடைக்காரர்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றார் என் கணவர்.

நான் மெஷினை நிறுத்தினேன். "என்ன நல்ல காரியம்? எச்சரிக்கை பண்ணியிருக்கான்னு காட்ட இருந்தது அந்த ஒரு துணிதானே? அதையும் எடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!"

இரண்டு பேரும் மெஷினே பேசியதுபோல என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் நேராக டயர்க்கடைக்குப் போய்த் துணியைக் கேட்டாள். எரித்துவிட்டதாகச் சொன்னாராம். அவள் திரும்பி வந்து சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் முதல் தடவையாகக் கேட்டேன். முட்டி பெயர்ந்தபோதுகூட அழாதவள்.

மரவாடிக்காரர் சும்மா இருப்பாரா? எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆபத்தான பாதையைத் திறந்து வைத்து என் மகனைக் கொல்லப் பார்த்தாள், துறை ஊழியரே இப்படிச் செய்யலாமா என்று புகார் கொடுத்தார். கால்வாய் ஆபீசில் விசாரணை என்றார்கள். விசாரணைக்கு முன்னால் உதவிப் பொறியாளர் என் கணவரைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசி அனுப்பினார். அவரும் வீட்டுக்கு வந்து, பெரிய வரம் வாங்கி வந்தவர்போல அதைச் சொன்னார்.

"சுலபமா முடிச்சுடலாமாம். அந்தப் பாதைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஏதோ மாடு போன தடம், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இல்லேன்னா கரை வேலையிலிருந்து எடுத்துடுவாங்க."

"அப்போ கிளை?"

"காட்டுல எத்தனையோ கிளை விழுது. அதுல இதுவும் ஒண்ணு."

"அண்ணா, அது சும்மா விழுந்த கிளைன்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு மழை பெஞ்சு நான் கிளை போடறப்ப யாரு நிப்பாங்க? இதுவும் சும்மா விழுந்ததுன்னுதானே தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க?" என்றாள்.

"உன் வேலை போகப்போகுதுன்னு சொல்றேன், நீ கிளையைப் பத்திப் பேசறே!"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா எனக்கு."

என் கணவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்பதுபோல. நான் சொல்லவில்லை. இத்தனை நாள் அவளைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு அந்த நிமிஷம் கேலி வரவில்லை, கோபம்தான் வந்தது, அவள்மேல் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் மரவாடிக்காரர் மகனே என் தையல் அறைக்கு வந்து நின்றான். காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல், தோளில் இரண்டு கால்சட்டைகள். கட்டுக்கு மேல் போட முடியவில்லை, ஒரு பக்கம் பிரித்துப் பொத்தான் வைத்துத் தர வேண்டுமாம். ஊரில் வேறு தையல்காரி இல்லையா என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஊன்றுகோலைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கட்டைச் சுற்றி டேப் வைத்து அளவு எடுத்தேன். அவன் கண் என் காலடியில் இருந்த கூடைக்குப் போயிற்று. வெட்டின துணிகள் கிடக்கிற கூடை.

"இதே துணிதான் ஆன்ட்டி" என்றான்.

"எது?"

"கிளையில கட்டியிருந்தாங்களே. மஞ்சள்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ நீ பார்த்தே. பார்த்துட்டுத்தான் தூக்கிப் போட்டே."

"அப்பாகிட்ட சொன்னேன். வாயை மூடிட்டு இருன்னுட்டார்."

"உங்கப்பா சொன்னா? முறிஞ்சது காலா, நாக்கா?"

கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தேன். பொத்தான்களை ஒழுங்காகத்தான் வைத்தேன். தொழில் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

விசாரணை நாளன்று ஆபீசில் ஆட்கள் நிறைய. ஜன்னல் இல்லாத நீள அறை, மேலே ஒரு மின்விசிறி தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. மரவாடிக்காரர் முன்வரிசையில். மகன் பக்கத்தில், நான் பொத்தான் வைத்த கால்சட்டையில். முட்டிப் பட்டாளம் பின்வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தது. நானும் என் கணவரும் சுவரோரம்.

உதவிப் பொறியாளர் என் நாத்தனாரைக் கேட்டார். "அந்தப் பாதைக்கும் உனக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

"பாதை நான் போட்டது சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் கணவர் தலையில் கை வைத்தார்.

"மழைன்னா மூடிடுவேன் சார். அன்னைக்கும் கிளை போட்டேன், மஞ்சள் துணி கட்டினேன். இங்க இருக்கிற சைக்கிள்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

"துணியா? அங்க கிடந்தது வெறும் கிளை. என் ஆளுங்க பார்த்தாங்க" என்றார் மரவாடிக்காரர்.

உதவிப் பொறியாளர் பின்வரிசையைப் பார்த்தார். "நீங்கதானே முதல்ல போனது? துணி இருந்துச்சா?"

டயர்க்கடைக்காரர் எழுந்தார். மரவாடி லாரிகள் அத்தனைக்கும் டயர் போடுகிறவர் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். அதன் இறக்கைகளில்தான் பதில் எழுதியிருப்பதுபோல அப்படிப் பார்த்தார்.

"கவனிக்கலை சார்."

செவிலி கால்நகத்தைப் பார்த்தாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை தடவை அந்தக் கிளையைப் பார்த்துத் திரும்பி வந்து என் வீட்டில் டீ குடித்தவர்கள் இவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன். என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு."

"நாள் முழுக்க உக்காந்துதான் தைக்கிறேன். இப்பவாவது நிக்கிறேன், விடுங்க" என்றேன். "சார், துணி இருந்துச்சு. நான் வெட்டிக் கொடுத்த துணி. அதை அவிழ்த்தது இதோ இவர். என் வீட்டுல உக்காந்து சொன்னாரு. துணியைப் பார்த்தேன்னு இந்தப் பிள்ளையும் என்கிட்ட சொன்னான். இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

பிள்ளை மாவுக்கட்டைப் பார்த்தான். டயர்க்கடைக்காரர் மின்விசிறியை விடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்த அறையில் அத்தனை வாய்கள் இருந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"வீட்டு ஆளு சொல்றதை எடுத்துக்க முடியாதும்மா" என்றார் உதவிப் பொறியாளர்.

அவ்வளவுதான். அவளைக் கரையிலிருந்து எடுத்தார்கள். ஆபீசின் பின்பக்கம் பழைய காகிதங்கள் கட்டி வைத்திருக்கிற அறையில் உட்கார வைத்தார்கள். கால்வாய்க் கரையில் கால் வைக்கக் கூடாது என்றும் உத்தரவு. வெயிலிலும் காற்றிலும் ஓடிக்கொண்டிருந்தவள் எலி மணக்கிற அறையில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதை தொடங்குகிற இடத்தில் மண் அள்ளும் மெஷினைக் கொண்டுவந்து ஒரு பள்ளம் தோண்டினார்கள். காட்டுக்கு வாசல் ஒன்றுதானா? கொஞ்ச நாளிலேயே பள்ளத்துக்குப் பக்கத்தில் புதுத் தடம் விழுந்துவிட்டது. சைக்கிள்கள் முன்போலவே போகின்றன. போகாதே என்று சொல்ல இருந்த ஒருத்தியைத்தான் எடுத்துவிட்டார்கள். இதற்குப் பேர் நடவடிக்கை!

முட்டிப் பட்டாளம் எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது. என் கணவர் மட்டும், "நான் சொன்னதைக் கேட்டிருந்தா..." என்று தொடங்குவார். நான் கத்தரியை மேஜையில் சத்தமாக வைப்பேன். அவர் அதோடு நிறுத்திக்கொள்வார்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. பகலும் இரவும் விடாமல் கொட்டியது. காலையில் அவள் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மேற்கே பார்த்தாள்.

"கரை இளகியிருக்கும் அண்ணி" என்றாள். குடையை விரித்துக்கொண்டு போனாள்.

நான் மெஷினில் உட்கார்ந்தேன். நூல் ஓடவில்லை. ஊசி இரண்டு தடவை ஒடிந்தது. கடைசியில் கூடையிலிருந்து ஒரு மஞ்சள் பட்டையை எடுத்துக்கொண்டு, அரிவாளையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் உடம்புக்குக் காட்டு வழி நடை சாதாரணமில்லை. சேற்றில் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பத்தடிக்கு ஒரு தடவை நின்று எல்லோரையும் திட்டிவிட்டு மறுபடி நடந்தேன்.

புதுத் தடம் தொடங்குகிற இடத்தில் குறுக்கே ஏற்கெனவே ஒரு கிளை கிடந்தது. புதிதாக வெட்டியது. அதில் மஞ்சள் துணி. வெளுத்துப்போன பழைய துணி. ஓரம் பல் பல்லாக இருந்தது.

எரித்துவிட்டேன் என்றாரே, அதே துணி. மற்ற பட்டைகள் எல்லாம் என் கூடையில்தான் இருந்தன, வெளியே போனது அது ஒன்றுதான். என் வீட்டுக்கு வந்து புதுப் பட்டை கேட்க முகமில்லாமல், ஒளித்து வைத்திருந்ததையே கொண்டுவந்து கட்டியிருக்கிறார். யாரும் பார்க்காத காட்டில் வந்து கட்டத் தெரிகிறது. நாலு பேர் நடுவில் இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எனக்கு மனம் இளகவில்லை, கொதித்தது. அந்தத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் புதுத் துணியை அதே இடத்தில் கட்டினேன். நேராக டயர்க்கடைக்கு நடந்தேன்.

கடையில் லாரி ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள், மரவாடி ஆள் ஒருவரும் இருந்தார். டயர்க்கடைக்காரர் ஒரு டயரை நெம்பிக்கொண்டிருந்தார். நான் துணியை அவர் மேஜையில் பரப்பி வைத்தேன். சேறு சொட்டியது.

"இது எரிஞ்ச துணி. எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?"

அவர் மெல்லத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி இல்லை. வெறும் தகரக்கூரைதான் இருந்தது.

"அங்க என்ன இருக்கு? என்னைப் பாருங்க. ஆபீசுக்கு வர்றீங்களா, இல்லை இதை இங்கேயே உங்க போர்டு மேல கட்டிட்டுப் போகட்டுமா?"

மரவாடி ஆளை ஒரு தடவை பார்த்தார். நெம்புகோலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். உதவிப் பொறியாளர் முன்னால் நின்று, துணி இருந்தது, நான்தான் எடுத்தேன், அவள் அன்றைக்கு ஒழுங்காகத்தான் மூடியிருந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னார். உதவிப் பொறியாளர் துணியைத் தொடாமல் பார்த்தார்.

"ஃபைல் மேல போயிடுச்சே. இனிமே என் கையில இல்லை. பார்க்கலாம்."

வெளியே வந்ததும் டயர்க்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சொல்லிட்டேன்கா. இப்பத்தான் மனசு லேசாச்சு."

"உங்க மனசு லேசாச்சு. அவ இன்னும் எலிப் புழுக்கையில உக்காந்திருக்கா" என்றேன். "லேசாக்கிக்கிறதுக்கா கூட்டிட்டு வந்தேன்? வாரா வாரம் வந்து சொல்லணும். மேல போன ஃபைல் கீழ வர்ற வரைக்கும் சொல்லணும்." அவர் தலையை ஆட்டினார். வருவாரா என்று பார்க்கத்தான் போகிறேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். துணி கிடைத்ததை, தகரக்கூரையை, எல்லாவற்றையும். குதித்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கிளையோட அடிப்பக்கம் எந்தப் பக்கம் இருந்துச்சு அண்ணி?"

யோசித்துப் பார்த்தேன். நான் துணி கட்டியபோது முதுகைக் கால்வாய்க்குக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிப்பக்கம் எனக்கு எதிரே இருந்தது.

"காட்டுப் பக்கம்."

"அண்ணி! அப்போ மெல்ல வாங்கன்னு அர்த்தம். உள்ளே ஆள் வேலை செய்யுதுன்னு நினைச்சு வருவாங்க. இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷமாகியும் கிளை போடத் தெரியலை!"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை, ஓடினாள். உத்தரவு, கரை, தடை எதுவும் அவளுக்கு அப்போது ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். என் கணவர் வாசலில் நின்று, "ஏய், எங்கே போறீங்க ரெண்டு பேரும்? பார்த்தா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கத்தினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சேற்றில் புதுச் சைக்கிள் தடம் எதுவும் விழவில்லை. அவள் கிளையைத் தூக்கினாள். ஈரத்தில் கனத்தது. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். திருப்பி, அடிப்பக்கம் கால்வாயை ஒட்டி வரும்படி வைத்தோம். நான் கட்டிய முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"யாராவது பார்த்திருந்தா நாளைக்கு இதுக்கும் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க" என்றேன்.

"கேட்கட்டும். நான்தான் போட்டேன்னு சொல்றேன்."

"இல்லை" என்றேன். "ரெண்டு பேரும் போட்டோம்னு சொல்லு."